ஈஜா கேட்ட எலும்பு

இரவு பத்தரை மணி. மேலே வரமாட்டேன் என்று டாக்சிக்காரன் பிஹியைக் கீழ் வளைவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்து நம் ஊருக்கு அரை மணி நடை. நிலா மேகத்துக்குள். வழியில் ஒரு வீடும் கிடையாது... தரைக்குள் ஆழமாக வெட்டிய பழைய மழைத்தொட்டி மட்டும்தான்.

நீங்கள் எண்ணெய்க்கு ஆர்கான் கொட்டையைக் கல்லால் உடைத்துக்கொண்டே கேளுங்கள். இன்று நான் கல்லைத் தொடப்போவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

சின்னவர்களுக்குப் பிஹி யார் என்று முழுசாகத் தெரியாது. என் சிநேகிதி ரக்கியாவின் சின்ன மாமனார். காசாபிளாங்காவில் மளிகைக் கடை வைத்திருந்தான். ஒவ்வொரு முஹர்ரமும் ஆஷூரா பண்டிகைக்கு ஊருக்கு வருவான். மேளம் கொண்டுவந்திருப்பான், தண்ணீர்த் துப்பாக்கி கொண்டுவந்திருப்பான் என்று பிள்ளைகள் ஓடிப்போய் நிற்கும். அந்தக் கஞ்சப் பிசினாறி கொண்டுவருவது பிரசங்கம் மட்டும்தான்.

"எங்க காலத்துல கடைக்கா ஓடுனோம்? மத்தி மீன் டப்பாவுல கார் செஞ்சோம்டா! இருட்டுற வரைக்கும் வெளியிலதான் ஆட்டம். நீங்களும் இருக்கீங்களே, போனுக்குள்ள மூஞ்சிய புதைச்சுக்கிட்டு!"

பிறகு சட்டைப் பையிலிருந்து அதை எடுப்பான். ஒரு ஆட்டுக்கால் எலும்புத் துண்டு. நடுவில் துளை, துளையில் இரட்டை நூல். நூலை முறுக்கி, இரு சுட்டு விரலிலும் மாட்டி இழுப்பான். விர்ர்ர்... விர்ர்ர்... ஐம்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறானாம். பெரிய சாதனை. தூ!

அது அவனுடையதே இல்லை. ஈஜாவுடையது.

ஆஷூராவுக்கு நாமெல்லாம் சிறுமிகளாக இருந்தபோது என்ன செய்தோம்? ஹஜ்ஜுப் பெருநாள் ஆட்டின் எலும்பை ஒரு மாதம் ஒளித்துவைத்து, செத்துப்போன பெரியவராகப் பாவித்து மருதாணி பூசி, பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி சுற்றி, மாரடித்து அழுது புதைத்தோம். விளையாட்டுதான். ஆனாலும் புதைத்ததைத் தோண்டக் கூடாது என்பது தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வருஷம் புதைத்தவள் ஈஜா, ஏழு வயது. அன்று மாலையே தோண்டி எடுத்தவன் பிஹி, பன்னிரண்டு வயது. துளை போட்டு நூல் கோத்தான். அது போதாதென்று, பெண்பிள்ளைகள் தரையில் கல் அடுக்கிக் கட்டிய விளையாட்டு வீட்டையும் எட்டி உதைத்துக் கலைத்தான். அந்தக் காலத்து வீரம் அவ்வளவுதான்.

ஈஜா அழவில்லை. அவன் பின்னாலேயே நடந்தாள்.

"குடு. அவரத் திரும்பப் பொதைக்கணும்."

"மழைத்தொட்டியில போட்டுட்டேன் போ. வேணும்னா எறங்கி எடுத்துக்க."

எலும்பு அவன் பையில் இருந்தது. ஈஜா இறங்கினாள்... மறுநாள் காலையில் தண்ணீரிலிருந்து அவள் உடலைத்தான் வெளியே எடுத்தார்கள்.

ஏன் போனாள், யார் அனுப்பியது? அவள் அம்மா தூடாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆஷூரா வந்தால் பிஹியை மறித்துக் கேட்பாள். "நீயும் அன்னைக்கு அங்கதானே வெளையாடிட்டு இருந்த. எம் புள்ள ஏன்டா அங்க போனா?" அவன் தலையைச் சொறிவான். "எனக்கென்ன தெரியும் அத்தை." உண்மையைச் சொல்ல ஐம்பது வருஷமாகத் துப்பில்லை அந்த ஆளுக்கு.

சரி... கீழ் வளைவில் விட்டோம் அல்லவா.

தொட்டி அருகே வந்ததும் காலில் ஏதோ தட்டியது. போன் வெளிச்சத்தில் பார்த்தான். சின்னச் சின்னக் கற்கள், வரிசையாக. கூடம்... அடுப்படி... வாசல். பெண்பிள்ளைகள் கட்டும் வீடு, பாதையை அடைத்துக்கொண்டு. சுற்றிப் போயிருக்கலாம். புத்தி போகுமா? எட்டி உதைத்தான்.

பின்னால்... விர்ர்ர்.

நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். விர்ர்ர்... இப்போது பக்கத்தில். மருதாணி வாசனை. அதோடு தேங்கிய தண்ணீரின் நாற்றம். மூன்று வருஷமாக மழை இல்லை, தொட்டி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. பைக்குள் கைவிட்டான். எலும்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

இடுப்பு உயரத்திலிருந்து ஒரு குரல். "குடு."

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். எலும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

ஊர் முனையில் தூடா விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். முதல் தடவையாக அவன் வாய் கோணியது.

"காலையில... காலையில சொல்றேன் அத்தை."

வழியில் நடந்ததை வீட்டில் ரக்கியாவிடம் சொன்னான். "யாரு கேட்டா? எதுக்குக் கேட்டா?" என்று அவள் கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

விடிந்தபோது படுக்கையில் ஆள் இல்லை. தொட்டி அருகில் குந்தியிருந்தான். அவனைச் சுற்றி அந்தக் கல் வீடு, நெருக்கமாக, வாசல் விடாமல். கையில் எலும்பும் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் இரண்டு கைகளும் விலகி... சேர்ந்து... விலகி... சேர்ந்து. சுட்டு விரல்களில் நூல் அறுத்த சிவப்புத் தடம்.

தூடா குனிந்தாள். "சொல்றேன்னியேடா. சொல்லு."

சொல்லத்தான் துடித்தான். கண்ணில் நீர் கொட்டியது. வாயைத் திறந்தான்.

விர்ர்ர்...

அவ்வளவுதான் வந்தது. அது போன ஆஷூரா. இன்னும் அதேதான் வருகிறது. தூடா தினமும் போய்க் கேட்கிறாள்.

நல்லா வேணும் என்கிறாயா? இரு. தொட்டியில் போட்டேன் என்று அவன் ஈஜாவிடம் சொன்னது எனக்கு எப்படித் தெரியும் என்று உங்களில் ஒருத்தியாவது கேட்டீர்களா? அன்று அவன் உதைத்துக் கலைத்த கல் வீட்டில் அடுப்படி என்னுடையது. எனக்கு எட்டு வயது. எலும்பு அவன் பையில் துருத்திக்கொண்டு இருந்ததையும் பார்த்தேன். அடிப்பான் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு பெரியவளானேன், பயம் போனது, வாய் மட்டும் திறக்கவே இல்லை. பிஹியைத் தூ என்று துப்பினேனே, அதில் பாதி எனக்கு.

தூடாவிடம் சொல்லத்தான் போகிறேன். காலையில்... இன்றைக்குத் தொண்டை ஒரு மாதிரி இருக்கிறது.

அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிக் கொண்டுவா. கொட்டை உடைக்கிற கல்லை ஏன் தொடவில்லை என்று யோசித்தாயே... இந்த இரண்டு விரலையும் பார். நேற்று வரை இந்தச் சிவப்புத் தடம் இல்லை.