வேலுத்தாய் பெரியவளாகக் கூடாது

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இல்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்துக் கை கறுத்தவளுக்கு இந்த ஊர் டீ எதுவும் நாக்கில் ஒட்டாது. எழுபத்து மூன்றில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தோம். வந்து பத்து வருஷமாகியும் அது ஒன்றுதான் பழகவில்லை.

என் பெயர் சிவபாக்கியம். இதே கொடைக்கானலில் நாயுடுபுரத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் மூக்கையா மரம் வெட்டும் சோலிக்குப் போனால் வாரக்கணக்கில் காட்டிலேயே தங்கிவிடுவார். ஸ்டேஷன் வெளி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவரை அனுப்பிவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. செய்ததெல்லாம் நான்தான்.

நான் ஒரு கொரியாக்காரர் வீட்டில் சமையல் செய்தேன். அவர் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் சம்சாரத்தைக் கிம் அம்மா என்று கூப்பிடுவோம். அந்த அம்மா சின்ன வயசில் தன் ஊரில் பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடிப் பரிசு வாங்கியவள். இங்கே பனிக்கட்டிக்கு எங்கே போவது? மரத்தரை போட்ட ஹாலில் காலில் சக்கரம் கட்டி ஆடுவார்கள். அங்கேதான் தன் மகள் உன்ஜுவுக்குக் கற்றுக்கொடுத்தாள். என் மகள் வேலுத்தாய் ஓரமாக நின்று பார்ப்பாள். உன்ஜுவுக்குச் சின்னதாகிப்போன ஸ்கேட்டை ஒரு நாள் இவள் காலில் மாட்டிவிட்டார்கள். அடுத்த சீசன் வருவதற்குள் என் மகள் உன்ஜுவைவிட உயரமாக எம்பி, காற்றிலேயே சுழன்று, ஒற்றைக்காலில் இறங்கினாள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். மதுரையில் இன்னொரு தரம் ஆடச் சொன்னார்கள். மெட்ராஸில் எழுந்து நின்று கை தட்டினார்கள். மைக்கில் "மிஸ் வேலு, கொடைக்கானல்" என்றார்கள். அதுவரை எங்களைச் சிலோன்காரி, அகதி என்றுதான் இந்த ஊர் கூப்பிட்டது. கப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்குக் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் "ஸ்கேட்டிங் புள்ள" என்றார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

என் தம்பி காசிநாதன் பாச்சலூரில் தோட்டம் பார்க்கிறான். நல்லவன்தான். மாதம் ஒரு தரம் மலைவாழைத் தாரோடு வருவான். வேலுத்தாய்க்குப் பன்னிரண்டு வயசு ஆனபோது சொன்னான்.

"அக்கா, புள்ள பெரியவளானா மொத ஆளா எனக்குத்தேன் சொல்லிவிடணும். குச்சு கட்டி, சீரோட வந்துர்றேன். அப்பறம் இந்தக் குட்டைப் பாவாடை ஆட்டமெல்லாம் எதுக்கு? நான் கட்டிக்கப்போற புள்ள."

"இன்னும் சின்னப்புள்ளடா அவ" என்றேன்.

"எத்தன நாளைக்கு?" என்று சிரித்தான்.

அவன் மேல் தப்பில்லை. தாய்மாமனுக்கு உரிமை இருக்கிறது. பச்சை ஓலையில் குச்சு கட்டி அதில் உட்கார வைத்தால், அந்தப் பெண் இனி மாமன் சொத்து. எனக்கும் தோட்டத்தில் அப்படித்தான் கட்டினார்கள். கட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வெளியே பெஞ்சில் இருக்கிறாரே, அவர்தான். அன்றோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஓட்டப் பந்தயத்தில் என்னை முந்த அந்தத் தோட்டத்தில் ஆளில்லை என்று சொன்னால் இப்போது யார் நம்பப் போகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிம் அம்மா ஏதோ சொல்ல, உன்ஜு எனக்குத் தமிழில் சொன்னாள். "ஆன்ட்டி, பாடி பெருசானா ஜம்ப் கஷ்டமாயிரும்னு மம்மி சொல்றாங்க." அந்த அம்மா மேல் நான் பழி போடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொன்னபோது எனக்குப் புத்தி தெளிந்தது. என் மகள் பெரியவளாகக் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் உடம்புக்குச் சூடு ஏற்றுவதை நிறுத்தினேன். எள்ளுருண்டை, கருவாடு, பப்பாளி, முட்டை எல்லாம் வீட்டுக்குள் வரவில்லை. தம்பி கொண்டுவந்த வாழைத்தாரை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அப்படியும் பிள்ளைக்கு முகத்தில் பரு வந்தது, பாவாடை குட்டையானது. பகல் சோற்றை நிறுத்தினேன். காலையில் கஞ்சித் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் ஒரு கை அவல். கிம் அம்மா வீட்டில் உன்ஜுவுக்கு வேண்டியதெல்லாம் ஆக்கிவைத்துவிட்டு வருவேன். வேலுத்தாய் என் முந்தானையை மோந்துபார்த்து, "இன்னைக்குக் கறியாம்மா?" என்று கேட்பாள். ஆமாம் என்று உண்மையைத்தான் சொல்வேன்.

உன்ஜு எப்போதோ பெரியவளாகிவிட்டாள். அவர்கள் வீட்டில் கேக் வெட்டினார்கள். மறுநாளே அவள் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டாள். அவளுக்கென்ன, தாய்மாமன் இருந்தாலும் கொரியாவில் இருப்பான்.

அந்தப் பெண் என் மகளுக்கு ஒரு நாள் அவித்த முட்டை கொடுத்திருக்கிறாள். வேலுத்தாயின் கடைவாயில் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஹாலுக்குப் பின்னால் கூட்டிப்போய், தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு வெளியே எடுத்தேன். பிறகு முகம் கழுவிவிட்டு, தலை வாரி, ஆட அனுப்பினேன். நான் அவளை அடித்ததில்லை. வாழ்நாளில் ஒரு அடி அடித்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"வேலு ரொம்ப ஒல்லி. சாப்பிடறாளா?" என்று கிம் அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

"எங்க வம்சமே ஒல்லிதாம்மா. வயிறு முட்டத் திங்கிறா" என்றேன்.

போன கார்த்திகையில் அது வந்துவிட்டது. நான் கிம் அம்மா வீட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். பின்கட்டு வழியாக வந்து நின்றாள்.

"யம்மா, வயித்த வலிக்குது. பாவாடையெல்லாம் கறையாக் கெடக்கு."

"வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத."

"மாமனுக்குச் சொல்லிவிட வேணாமா?"

"சொன்னா ஆட்டம் போச்சு. ஆடணுமா, வேணாமா?"

"ஆடணும்" என்றாள். அவள் வாயால் சொன்னது. பாவாடையை அந்த வெந்நீர் அடுப்பிலேயே போட்டு எரித்தேன்.

எங்கள் சனத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தீட்டை மறைத்தேன், குலதெய்வத்தை ஏமாற்றினேன், மாமன் உரிமையைத் திருடினேன். காலையில் ஸ்டேஷன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு என் தம்பி என்ன கத்தினான் என்று நீங்களே கேட்டீர்கள். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்றுதான் கத்தினான். பிள்ளை பட்டினி கிடந்ததைப் பற்றி அவன் வாயில் ஒரு சொல் வந்ததா? கிம் அம்மா ஒருத்திதான் அதைச் சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணீரையும் பாதியாக்கினேன். அவலையும் நிறுத்தினேன். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வெயிலில் நின்றாலும் நடுங்கினாள். குளிர் ஊர்தானே என்று இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டேன். அந்த உடம்போடுதான் மதுரையில் முதல் பரிசு வாங்கினாள். பம்பாய்ப் போட்டிக்கு எடுத்தார்கள். நான் நினைத்தது தப்பென்றால் எப்படி எடுத்திருப்பார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

பம்பாய்க்குக் கிளம்பும் வாரம் ஹாலில் ஆடிக்காட்டினாள். எம்பினாள், சுழன்றாள், சுத்தமாக இறங்கினாள். தடுமாறவே இல்லை. இறங்கி நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள், பிறகு படுத்துவிட்டாள். ஆடிய களைப்பு என்று நினைத்து எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இதயத்தில் பலமே இல்லை என்றார்கள். எட்டு வயசுப் பிள்ளையின் எடைதான் இருக்கிறாள், வயசுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அடக்கம் செய்கிற இடத்தில் உன்ஜு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லாவிட்டால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வேலுத்தாய் அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள்.

தாவணி சுற்றலாம் என்று பொம்பளைகள் சொன்னார்கள். நான் விடவில்லை. மதுரையில் போட்டிருந்த நீலக் கவுனைப் போட்டுத்தான் அனுப்பினேன். யாருடைய குச்சிலும் அவள் உட்காரவில்லை. யாருடைய அடுப்படியிலும் அவள் புகை குடிக்கவில்லை. இந்த மலையில் எத்தனை பெண்ணுக்கு அப்படி வாய்த்திருக்கிறது? கொலை என்று எழுதினால் எழுதுங்கள், கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவளுக்காகச் செய்தேன். அவள் ஆசைக்காகச் செய்தேன்.

ஹாலில் விழுந்த அன்றைக்குக் காலையில் அவள் ஏதாவது சொன்னாளா என்று இரண்டாம் தரம் கேட்கிறீர்கள். சொன்னாள். வெள்ளனே எழுந்து அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "யம்மா, நான் இனிமே ஆடல. மாமனையே கட்டிக்கிறேன். ஒரு வாய் சோறு போடும்மா" என்றாள்.

அது பசி பேசிய பேச்சு, ஐயா. என் மகள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் போடவில்லை.