மைக்கில் சொன்ன ஆமென்

வேங்கிக்கால் டவுன் பஸ்ஸில், "நம்ம பாஸ்டர் வேட்பாளரையே முட்டி போட வெச்சுட்டாரு" என்றார் முன் சீட்டு அம்மா. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நான் சபைக்கு வராத வாரமா பாத்து வந்தாரா அக்கா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"ஜெயிக்கணும், ஜெபம் பண்ணுங்கன்னாரு. பாஸ்டர் அவரு தலைமேல கை வெச்சு, 'ஆண்டவரே, இவர் ஜெயிச்சு எங்க கல்லறைக்கு ரோடு போடணும்'னு ஜெபிச்சாரு."

"எங்க மாமனாரை முட்டியளவு சேத்துலதானே தூக்கினு போனோம்! வேட்பாளரு இன்னா சொன்னாரு?"

"சபையே ஆமென்னுச்சு. பாஸ்டர் மைக்கை அவரு வாயாண்ட நீட்டிட்டாரு. சொல்லித்தானே ஆகணும்?"

ஏழாவது தாண்டாமலே மூன்று லாரி வாங்கியவன் நான். அரசியல்வாதியிடம் இப்படியொரு வாக்கை நான்கூட வாங்கியதில்லை.

"மறந்துட்டா அக்கா?"

"ஆண்டவர்கிட்ட சொன்னதாச்சே. மறந்தாருன்னா சாட்சிக்கு சபையே இருக்குது."