பேக்கரியில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்

என் பெயர் டேனியல், வயது 51, தகப்பனார் பெயர் சிட்டிபாபு. ஐயம்பேட்டை மாதா கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு, ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டி வருகிறேன். எனக்கு மரியம்மாள் என்கிற மனைவியும் அஜித் என்கிற ஒரே மகனும் உண்டு. பேக்கரியில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் கேமரா ரெக்கார்டரை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், என் மகனைக் காப்பாற்றக்கூடிய படம் அதில் அழிந்துகொண்டிருக்கிறது என்று நிலையத்துக்குள் வந்ததுமே சொன்னேன். வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன். சொல்ல ஆரம்பிக்கும்போது மணி பதினொன்று இருபது.

என் மகன் அஜித், வயது 23, காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கிறான். இம்மாதம் 9-ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் போனபோது பின்வாசல் வழியாக இரண்டு முகூர்த்தப் பட்டுகளைக் கொண்டுபோய்விட்டான் என்று கடைக்காரர் கொடுத்த புகாரில், மறுநாள் அவனைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். நானும் மனைவியும் பார்க்கப் போனபோது அவன் சட்டைப் பையில் கடை கொடுத்த பெயர்ப் பட்டை அப்படியே குத்தியிருந்தது. "நைனா, பின்வாசலுக்கு எதிர்ல பேக்கரி கேமரா இருக்குது. நான் சோத்து டப்பாவ மட்டும் எடுத்துக்கினு போனது அதுல இருக்கும் நைனா" என்று மூன்று முறை சொன்னான்.

அதன் பிறகு 11-ஆம் தேதி பேக்கரிக்குப் போய் உரிமையாளர் பிரேம்நாத்தைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் போய் வந்ததிலிருந்து டிஸ்க் இல்லை என்று ரெக்கார்டர் காட்டுகிறது, கீக் கீக் என்று கத்துகிறது என்றார். திங்கட்கிழமைப் படம் உள்ளே இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லி அவரே டிஸ்கைக் கழற்றி, "எடுத்துக்கினு போய் யார்கிட்டயாவது காட்டுபா" என்று கொடுத்தார். நான் அதைத் திருடவில்லை.

அதன் பிறகு 12-ஆம் தேதி வியாழக்கிழமை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தப்ரேஸ் என்பவரிடம் கொடுத்தேன். அவர் ஒயரை மாற்றினார், இடம் மாற்றிச் சொருகினார், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். ஒன்றிலும் வரவில்லை. டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சுத்துது அண்ணா, உசிரு இருக்குது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியமாட்டேங்குது" என்றார். மாலையில் ஒரு முறை அரை நிமிடம் திரையில் வந்தது, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. டிஸ்குக்குக் கரண்ட் பத்தவில்லை, நாளைக்கு வேறு அடாப்டர் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை நான் சவாரிக்குப் போகவில்லை. காலையிலிருந்து அவர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குப் புது அடாப்டரை மாட்டினார், அப்போதும் வரவில்லை. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதால், "அப்படியே ஓடட்டும் அண்ணா. ஒயர யாரும் இழுக்காம பாத்துக்குங்க, தொழுதுட்டு வந்துடறேன்" என்று கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை மதியம் தெரிந்த வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். திரையைத் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. திரையில் அப்போது ஒன்றுமே இல்லை. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஒன்று பத்துக்கு டிஸ்க் வந்தது. கூடவே ஒரு சிறு பெட்டி வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. நான் எட்டாவது வரை படித்தவன். டிஸ்க் என்பதும் யூஸ் என்பதும் புரிந்தது, நடுவில் இருந்தது புரியவில்லை. தப்ரேஸுக்குப் போன் போட்டேன், தொழுகைக்காக அணைத்து வைத்திருந்தார். பெட்டி மறைந்தது, திரும்ப வந்தது. முந்தின நாள் போலப் போய்விட்டால் இனி வராது என்று பயந்தேன். அமுக்கினேன். இன்னொரு பெட்டி மஞ்சள் முக்கோணத்தோடு வந்தது, அதையும் அமுக்கினேன். முடிந்தது என்று வந்ததும் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்லி, மரியம்மாளுக்குப் போன் செய்து "புள்ள வந்துடுவாம்மா" என்றேன். அந்தப் போனை நினைத்தால் இப்போதும் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரம் வருகிறது.

தப்ரேஸ் வந்து, தலையில் தொப்பியோடு திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, ஃபார்மட் பண்ணிட்டீங்களே" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு அவரே, "புஸ்தகத்துல பொருளடக்கத்த கிழிச்ச மாதிரிதான், பக்கமெல்லாம் உள்ளதான் இருக்குது. லேப்ல எடுத்துடுவாங்க. ஆனா இதுமேல புதுசா ஒண்ணும் பதியக்கூடாது. எதுலயும் மாட்டவே மாட்டாதீங்க" என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை டிஸ்கை இதே நிலையத்துக்குக் கொண்டுவந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, எதிலும் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லி, காவலர் லோகேஷ் அவர்களிடம் ஒப்படைத்தேன். ரசீது கேட்டதற்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இன்று 16-ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சவாரியோடு பேக்கரி வழியாக வந்தபோது, கல்லாவுக்கு மேலே உள்ள டிவியில் கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடினேன். நேற்று மாலை ஸ்டேஷனில் காலி டிஸ்க் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள், மாட்டிவிட்டேன் என்றார் பிரேம்நாத். நிறுத்தச் சொல்லிக் காலைப் பிடித்தேன். "போலீஸ் சொல்லட்டும், நிறுத்தறேன். உன்னால ரெண்டு தரம் ஸ்டேஷனுக்கு நடந்துட்டேன்பா" என்றார். நான் சுவிட்சை அணைக்க உள்ளே பாய்ந்தேன். வேலையாட்கள் பிடித்துத் தள்ளியதில் பிஸ்கட் ஜாடி ஒன்று உடைந்தது. அது என் தவறு. அதற்காகத்தான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

படத்தில் சேலை இருந்ததால் வேண்டுமென்றே அழித்தாயா என்று ஐயா கேட்டார். அழிக்க நினைத்திருந்தால் மறுநாளே நானாகக் கொண்டுவந்து கொடுப்பேனா? பையன் கையில் சேலை இருப்பது தெரிந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். தெரியட்டும். அவனைச் செருப்பால் அடித்துவிட்டு வக்கீலைத் தேடுவேன். அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது எந்தக் கோர்ட்டிலும் செல்லாது, எனக்குப் படம்தான் வேண்டும்.

இப்போது மணி பன்னிரண்டு பத்து. வாக்குமூலத்தை எழுதி முடித்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பேக்கரிக்கு ஆள் அனுப்ப முடியும் என்கிறார்கள். ஆகையால், மேலே சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடியே என்றும், படித்துக் காட்ட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன் என்றும் உறுதி சொல்லி, இந்தத் தாளிலும், இன்னும் ஒரு வரிகூட எழுதாத அடுத்த இரண்டு தாள்களின் அடியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் வேண்டுமென்றேதான் அழித்தேன் என்று அதில் எழுதிக்கொண்டாலும் மறுக்க மாட்டேன். முதலில் போய் அந்தச் சுவிட்சை அணையுங்கள்.

(ஒப்பம்) சி. டேனியல்