பஸ்ஸிலிருந்து போன மயில்

காஞ்சிபுரம் போகிற பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவாளர்கள். மூத்தவர் மடியில், சேலைக்காக மயில் வரைந்த கட்டத்தாள்.

“வெளிநாட்டுக் கடைக்காரன் ஃபேக்ஸ்தான் வேணும்னு சொல்லிக்கினு இருக்கான். இன்னிக்குப் போவலன்னா ஆர்டர் போச்சுபா.”

“போன்லயே ஃபேக்ஸ் அனுப்பலாம்ணா, அதுக்கு ஆப் இருக்கு. போட்டோ எடுத்துட்டேன். அமுக்கட்டா?”

“மெஷின் இல்லாமயா? ஓடுற பஸ்லயா?”

“ஆமாண்ணா.”

“இரு, செருப்பக் கழட்டிக்கிறேன். தறிகிட்ட செருப்போடவா போவோம்? இதுவும் அந்த வேலதானே.”

இளையவர் அமுக்கினார். முசரவாக்கம் தாண்டியதும் போன் சிணுங்கியது.

“போய்ச் சேந்துடுச்சுண்ணா.”

“கடல் தாண்டியா? நம்ம மயிலு இந்நேரம் அங்க காயிதத்துல நிக்குதா!”

காஞ்சிபுரத்துக்குள் நுழைந்ததும் நெசவாளர்கள் இருவரும் இறங்கினார்கள். மூத்தவர் அந்தப் போனையே பார்த்தபடி நடந்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன்: அவர் செருப்பு இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.