பெட்டியில் போட்ட மன்றாட்டு

என் பெயர் மிக்கேலம்மாள், வயது 47, கணவர் சவுரியப்பன் காலமாகிவிட்டார். கம்பைநல்லூர் பக்கம் மாதா கோயில் தெருவில் குடியிருந்து தையல் வேலை செய்துவருகிறேன். எனக்கு ஒரே மகள் கவிப்பிரியா, வயது 24, தருமபுரியில் துணிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. இரண்டு வேளையும் மாத்திரை போடுவதால் நான்கு வருடமாக வரவில்லை.

அவளுக்கும் பாலக்கோடு இனிகோ என்பவருக்கும் அடுத்த மாதம் கல்யாணம் பேசி, கோயிலில் ஞாயிறுதோறும் அறிவிக்கும் மூன்று கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. வலிப்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிடுவதாக மகள் சொன்னாள். நான்தான் முதலில் தாலி ஏறட்டும் என்று அவள் வாயை அடைத்தேன்.

வருடா வருடம் வேண்டுதலைச் சீட்டில் எழுதி, மாதா திருத்தலத்தின் மன்றாட்டுப் பெட்டியில் போடுவோம். அதை யாரும் பிரிப்பதில்லை, திருவிழா முடிந்ததும் எரித்துவிடுவார்கள். இந்த வருடம் போக முடியாததால், கடந்த சனிக்கிழமை காலை போனில் அந்தத் திருத்தலத்தின் இணையப் பக்கத்தில் இருந்த மன்றாட்டுப் பெட்டியில், கல்யாணம் முடியும்வரை பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடாது, மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது மாதாவே என்று எழுதினேன். அனுப்பப் போனால், போனில் இருந்த சோஷியல் மீடியா ஆப்பின் கணக்கு வழியாக வா என்றது. அந்தச் சனியன் பிடித்த ஆப் போன் வாங்கும்போதே உள்ளே இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. அழித்துத் தரச் சொல்லி இரண்டு தடவை போன் கடை பிரபாகரிடம் போனேன். கம்பெனியிலேயே வைத்து அனுப்புவது, எடுக்க வராது, கணக்கு ஒன்று போட்டுவிட்டால் தொந்தரவு நிற்கும் என்று சொல்லி அவரே போட்டுக்கொடுத்திருந்தார். வேறு வழி காட்டாததால் சரி என்பதை அழுத்தினேன். மெழுகுவர்த்தி எரிகிற படம் வந்தது. பெட்டியில் விழுந்துவிட்டது என்று நினைத்து மெஷினில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு சாயங்காலம் பார்த்தபோது, நான் எழுதியது என் போட்டோவோடு அந்த ஆப் வழியாகச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிருந்தது. கீழே அறுபத்தொரு பேர் ஆமென் போட்டிருந்தார்கள். அதில் மாப்பிள்ளையின் அம்மா அமுதாவும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை.

அதன் பிறகு மகள் என்னோடு சண்டை போடவில்லை. "நான் சொல்றேன்னதுக்கு வேணாம்னியே, இப்ப நீயே ஊருக்கெல்லாம் சொல்லிட்டியேம்மா" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவள் கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. போனையும் மாத்திரை டப்பாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்று செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்தில் புகார் எழுதிய உதவி ஆய்வாளர், காணவில்லை என்று போட்டோவோடு அதே ஆப்பில் போட்டால் சீக்கிரம் தகவல் வரும், சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தேன். பெண்ணின் பெயர் கெடும், வலிப்பை எழுத வேண்டாம் என்று அவரே சொன்னார். அதற்கு நான், "எழுதுங்க சார். எங்கயாச்சும் உழுந்து கெடந்தா, கையில சாவி குடுக்காம ஒருக்களிச்சுப் படுக்க வெக்கச் சொல்லி எழுதுங்க" என்றேன். அதை என் கணக்கிலிருந்தே அனுப்பவும், ஆமென் போட்ட அறுபத்தொரு பேருக்கும் முதலில் போகவும் சம்மதிக்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் கூட்டியதோ மறைத்ததோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ச. மிக்கேலம்மாள்