தண்ணீர் பட்டால் உரியும் தோல்

எனக்கு வயது முப்பத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் கணவர், மகளுடன் குடியிருக்கிறேன். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். மகளுக்கு வயது ஆறு. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம்.

இன்று காலை பதினொரு மணிக்கு இரண்டு காவலர்கள் கடைக்கு வந்து, நான் மகளின் கைகளில் சூடு வைத்ததாக அவளுடைய டீச்சர் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அவர்களுடன் வந்தேன். காவல் நிலையத்தில் டீச்சர் பக்கத்தில் வாலு உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். "வலிக்கலன்னு சொன்னேம்மா, யாருமே நம்பல" என்றாள்.

அதன்பிறகு, இது சூடு இல்லை, பிறவியிலேயே வந்த நோய், வியர்வையோ தண்ணீரோ பட்டால் கையிலும் காலிலும் மேல்தோல் கழன்று வரும், யாருக்கும் ஒட்டாது, எனக்குள்ளும் கணவருக்குள்ளும் வெளியே தெரியாமல் இருந்த குறை இவளிடம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை இன்ஸ்பெக்டர் மேடத்திடம் சொன்னேன். அவர், "மாட்டிக்கிட்டா எல்லாரும் ஏதாவது வியாதி பேர் சொல்லுவாங்க. டாக்டர் சீட்டு வர்ற வரைக்கும் குழந்தை காப்பகத்துல இருக்கட்டும்" என்றார்.

நான் அழவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். வாலுவின் வலது காலில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை எல்லோரையும் பார்க்கச் சொல்லிவிட்டு, காலைத் தண்ணீரில் வைக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது பாதம் வெளுத்து உப்பியிருந்தது. நான் தொடவில்லை. அவளே குதிகால் ஓரத்தில் விரலை விட்டு, ஈரக் காகிதம் போலத் தோலை உரித்து, எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவிடம் நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். "பயப்படாதீங்க சார், கடிக்காது" என்றாள்.

பிறகு கணவர் மருத்துவமனைச் சீட்டுகளுடன் வந்தார். மேடம் படித்துவிட்டு, காப்பகத்துக்கு எழுதிய தாளைக் கிழித்தார். டீச்சர் அழுதார். "ஸ்கூல்ல ஏன் சொல்லல?" என்று கேட்டார். தொத்து வியாதி என்று தனியாக உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை, அது என் தப்புதான் என்றேன். டீச்சர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நிஜமாகவே சூடு பட்ட குழந்தை அந்த வகுப்பில் இருந்தால் அவர்தான் முதலில் பார்ப்பார்.

அதன்பிறகு டீச்சர் வாலுவின் கட்டுகளை அவிழ்த்து, உரிந்த கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டாரையும் டாக்டரையும் தவிர வேறு யாரும் அந்தக் கையை அப்படிப் பிடித்ததில்லை. இதையும் எழுதுங்கள் என்று நான்தான் ஏட்டையாவிடம் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)
குழந்தையின் தாய்