போன வாரம் பூனை

— நீங்க தொண்டையைச் செருமினீங்க பாருங்க, அப்பவே கண்டுபுடிச்சிட்டேன் சார்.

— சாரா? எந்த சாரு? நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும்மா.

— போன வாரம் பூனை செத்துப்போன பேங்க் மேனேஜர். இந்த வாரம் நாய் செத்துப்போன ஃபிரிட்ஜ் மெக்கானிக். அடுத்த வாரம் யானையா சார்?

— இந்தா பாரும்மா, இது மனசு கஷ்டத்துல இருக்கறவங்க கூப்பிடற நம்பர்தானே?

— அதேதான். புதுசா சேந்தவங்கள சோதிக்க பயிற்சி சார் நீங்களே வேஷம் கட்டி போன் பண்ணுவீங்கன்னு ஆபீஸுக்கே தெரியும். பூனைக்கு நான் சிரிச்சுத் தொலைச்சேன், ஃபெயில் போட்டீங்க. இன்னிக்கும் கோட்டை விட்டா பழையபடி சாமான் ரூமுக்கே அனுப்பிடுவீங்க. அதனால சிரிக்க மாட்டேன். சொல்லுங்க.

— சத்தியமா நான் உங்க சார் இல்லம்மா.

— போன தடவையும் சத்தியம் பண்ணீங்க. சரி, நாய் எப்ப போச்சு?

— முந்தாநாள்.

— உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்குன்னு எனக்குப் புரியுது.

— புரியுதா?

— இல்ல சார். ஆனா அப்படித்தான் சொல்லணும்னு நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டீங்க.

— அட! இந்தா பாரு, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

— நான் சிரிச்சா ஃபெயிலு, நீங்க சிரிச்சா ஒண்ணுமில்லையா? நல்ல நியாயம்.

— வாய்விட்டுச் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சும்மா. சரி போ, நான் உங்க சாராவே இருந்துட்டுப் போறேன். கேளு.

— அப்படி வாங்க வழிக்கு. மேல சொல்லுங்க.

— அது என் பொண்டாட்டி வளத்த நாயி. அவ இருந்த வரைக்கும் என்னைக் கண்டாலே குரைக்கும். அவ போனப்புறம் வேற வழியில்லாம ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டோம். இன்னிக்குக் காலையில எந்திரிச்சு, பழக்கதோஷம், அதோட தட்டுல தண்ணி ஊத்தி வச்சிட்டேன். அப்ப ஒக்காந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல. அந்தத் தட்டையே பாத்துட்டிருக்கேன்.

— தட்டு வரைக்கும் யோசிச்சிருக்கீங்களே சார்! பூனைக்கதை இவ்வளவு நல்லா இல்ல. நானே அழுதுடுவேன் போல.

— அழுதா மார்க் போயிடுமாம்மா?

— அழுதா போகாது. புத்தி சொன்னாத்தான் போகும். வேற நாய் வாங்கிக்கோங்கன்னு வாய் தவறிக்கூட சொல்லக் கூடாது.

— அதத்தான் என் மச்சான் சொன்னான். எழவுக்கு வந்த மாதிரி வந்து, காபி குடிச்சிட்டு, அதச் சொல்லிட்டுப் போனான்.

— உங்க மச்சான் ஃபெயிலு.

— ஃபெயிலுதான்! அட, நல்லாச் சொன்னே. அடுத்து என்ன கேக்கணும்?

— அதுதான் சார் என் வாயில வராத கேள்வி. சுத்தி வளைக்காம கேக்கணும்னு நீங்களும் தலையில அடிச்சுக்கிறீங்க. போன தடவை, அந்த மாதிரி, இந்த மாதிரி ஏதாவதுன்னு இழுத்து மானம் போச்சு. நெஜமான ஆளுன்னா எனக்கு வரவே வராது. நீங்கதானேன்னு தைரியமா கேட்டுடறேன். உயிரை விட்டுடலாம்னு நெனைக்கிறீங்களா?

— ஆமாம்மா.

— இன்னிக்கா?

— இன்னிக்குத்தான்னு இருந்தேன். இப்படி நேரா யாருமே கேட்டதில்ல. கேட்டதும் என்னமோ நெஞ்சுல இருந்து இறங்கின மாதிரி இருக்கு.

— என்கிட்ட சொன்னதுக்கு நன்றி. இதுவும் போர்டுல இருக்கறதுதான், ஆனா மனசாரத்தான் சொல்றேன். பக்கத்துல யார் இருக்காங்க?

— கீழ் வீட்டுல தையக்காரம்மா. மெஷின் ஓடற சத்தம் கேக்குது.

— போனை வைக்காம கதவைத் திறந்து, அவங்கள மேல கூப்பிடுங்க.

— நெஜமாவேவா?

— ஏமாத்தாதீங்க சார். கூப்பிடறது என் காதுல விழணும்.

— இவ ஒருத்தி... தையக்காரம்மா! யம்மோவ்! கொஞ்சம் மேல வர்றீங்களா? ஆமாம்மா, இப்பவேதான்... வர்றாங்க. கழுத்துல அளவு டேப்போட படியேறி வர்றாங்க.

— என்னம்மா, சார் நான் வர்றதுக்குள்ள போன்ல யார்கூட பேச்சு? பஸ் கிடைக்காம லேட்டாயிடுச்சு. உன் டெஸ்ட்டை சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கலாம். இன்னிக்கு நான் கிளி செத்துப்போன வக்கீல்.

— சார்... நீங்க இங்க நிக்கறீங்க.

— பின்ன எங்க நிப்பேன்? மத்த மேசையெல்லாம் பிஸின்னா வெளி ஆளுங்க போன் உனக்கும் வரும்னு சொல்லியிருக்கேன்ல. லைன்ல யாரும்மா?

— அலோ? தையக்காரம்மா வந்தாச்சு. பாஸா, ஃபெயிலா, சொல்லும்மா.

— வச்சிடாதீங்க ஐயா, நான் இங்கேயேதான் இருக்கேன்... உங்க நாய் பேரு என்னங்கய்யா? நான் கேக்கவே இல்லையே.